சினிமாப் பாட்டு இல்லை, ஆனாலும் ஹிட்! யார் இந்த நாசியா ஹசன்?

நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை ரொம்ப நாளாக இருக்கிறது. மக்களுக்குச் சினிமாப் பாட்டுதான் பிடிக்கும், ஹீரோ, ஹீரோயின், கதை எதுவும் இல்லாமல் வெறும் பாட்டை மட்டும் யார் கேட்பாங்க என்பதுதான் அது. 2021-ல் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தபோதும், 2024-ல் ‘கட்சி சேர’ வந்தபோதும், தனிப்பாடல் இப்படி ஓடுமா என்று பலர் ஆச்சரியப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் இந்த நம்பிக்கைதான்.

ஆனால், இதே ஆச்சரியத்தை 40 வருடங்களுக்கு முன்பே இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து பட்டுவிட்டன. அதற்குக் காரணம், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண். பெயர் நாசியா ஹசன். ‘ஆப் ஜைசா கோயி’ பாட்டைத் தெரியும்தானே? ஹிந்தி தெரியாதவர்கள்கூட அந்த மெட்டை எங்கேயாவது கேட்டிருப்பார்கள். அதைப் பாடியவர் இவர்தான். அந்தப் பாட்டு சினிமாவில் வந்தது. அவருடைய உண்மையான கதை, சினிமாவை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

கராச்சி டு லண்டன்

நாசியா 1965 ஏப்ரல் 3-ம் தேதி கராச்சியில் பிறந்தார். அப்பா தொழிலதிபர், அம்மா சமூக சேவகர். வசதியான குடும்பம். கராச்சிக்கும் லண்டனுக்கும் இடையே போய் வந்துகொண்டிருந்த வாழ்க்கை. சின்ன வயதிலேயே பாகிஸ்தான் தொலைக்காட்சியான பி.டி.வி-யில் குழந்தைகள் பாட்டு நிகழ்ச்சியில் பாடியிருக்கிறார். தம்பி ஜோஹெப் அவரைவிட ஒன்றரை வயது இளையவர். இரண்டு பேரும் சேர்ந்துதான் பாட்டு. பெரிதாகச் சங்கீதப் பயிற்சியெல்லாம் இல்லை. கேட்டுப் பழகியது, பாடிப் பழகியது, அவ்வளவுதான்.

1970-களின் கடைசியில் லண்டனில் நடந்த ஒரு விருந்தில் ஹிந்தி நடிகரும் இயக்குநருமான பெரோஸ் கான் நாசியாவைச் சந்தித்தார். அப்போது அவர் ‘குர்பானி’ படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். (ரஜினி, சிவாஜி, விஷ்ணுவர்தன் நடித்து 1986-ல் வந்த ‘விடுதலை’ இந்தப் படத்தின் தமிழ் வடிவம்தான்.) குர்பானிக்கு இசை கல்யாண்ஜி-ஆனந்த்ஜி. ஆனால் ஒரே ஒரு பாட்டு மட்டும் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று பெரோஸ் கானுக்கு ஆசை. லண்டனில் இருந்த பிட்டு அப்பையாவிடம் கேட்டார்.

பிட்டு யார் என்று ஒரு நிமிஷம் பார்த்துவிடுவோம். (சாப்பிடுகிற பிட்டு இல்லை, கர்நாடகாவில் வைக்கிற பெயர்.) பெங்களூரில் வளர்ந்து, அங்கே கிடார் பிடித்து பேண்டில் பாடி, 60-களில் கையில் பெரிதாகக் காசு இல்லாமல் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தவர். 1974-ல் கார்ல் டக்ளஸ் பாடிய ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பாட்டைத் தயாரித்தார். இசைத்தட்டின் பின்பக்கத்தை நிரப்பத்தான் அவசர அவசரமாகப் பதிவு செய்தார்கள். அதுவே அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடத்துக்குப் போய்விட்டது. டிஸ்கோ என்ற அலையைக் கிளப்பியவர்களில் ஒருவர் என்று உலகம் அவரைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. பெரோஸ் கானும் பெங்களூர்க்காரர்தான். அதுவரைக்கும் ஹிந்திப் பாட்டு பக்கமே போகாத பிட்டு, சரி என்றார்.

‘ஆப் ஜைசா கோயி’ லண்டனில் பதிவானது. பாடும்போது நாசியாவுக்கு 14, 15 வயதுதான் இருக்கும். 1980 ஜூனில் படம் வெளியானது. திரையில் ஜீனத் அமன் பாட, பாட்டு எல்லா இடத்திலும் ஒலித்தது.

அப்படி என்ன இருந்தது அந்தக் குரலில்?

இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். அன்றைக்கு ஹிந்தித் திரையிசையில் பெண் குரல் என்றால் லதா மங்கேஷ்கர், இல்லையென்றால் ஆஷா போஸ்லே. இருவருமே பல ஆண்டு பயிற்சியில் பட்டை தீட்டிய குரல்கள். எந்த நடிகைக்கும் பொருந்திப்போகிற குரல்கள். ரசிகர்களின் காது அதற்குத்தான் பழகியிருந்தது.

நாசியாவின் குரல் அதற்கு நேர்மாறு. கொஞ்சம் மூக்கில் வரும், கமகம் கிடையாது, பெரிய உச்சஸ்தாயி கிடையாது. பக்கத்து வீட்டுப் பொண்ணு பாடுவது மாதிரி இருக்கும். அந்தக் குரலை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போல எதிரொலியோடு வைத்து, கீழே பேஸ் கிடாரையும் டிரம்மையும் முன்னுக்குக் கொண்டுவந்தார் பிட்டு. பம்பாய்ப் பதிவுகளில் 50 வயலின்கள் செய்கிற வேலையை இங்கே ஒரு தாளம் செய்தது. வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்தவர்களுக்கு அந்த பேஸ் சத்தமே புதுசு.

பாடத் தெரிந்த பெண்களைப் போலப் பாட ஆசைப்பட்டவர்கள் அதுவரை லட்சம் பேர். தன்னைப் போலவே ஒருத்தி பாடுகிறாள் என்று அந்த வயதுப் பெண்கள் நினைத்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. என் பார்வையில் அந்தப் பாட்டின் வெற்றி ரகசியமே இதுதான், டிஸ்கோ இரண்டாவதுதான்.

1981-ல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்ஃபேர் விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருதை வாங்கிய முதல் பாகிஸ்தானியர் அவர்தான். விருது வாங்கிய கையோடு அடுத்த படத்துக்குப் பாடப் போவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை.

படமே இல்லாத பாட்டு

1981-ல் ‘டிஸ்கோ தீவானே’ வெளியானது. இது படத்தின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயர். இசை பிட்டு, உடன் ஜோஹெப். இந்தியாவில் எச்.எம்.வி வெளியிட்டது. அட்டையில் எந்த ஹீரோவும் இல்லை, அக்காவும் தம்பியும் மட்டும்தான்.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றும். அன்றைய நிலவரத்தோடு வைத்துப் பார்த்தால்தான் இதில் இருந்த ரிஸ்க் புரியும். அப்போது ஒரு பாட்டு மக்களிடம் போய்ச் சேர என்னென்ன வழிகள் இருந்தன? ரேடியோவில் அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ ஹிந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்தியது, ஆனால் அது திரைப்பாடல்களுக்கான பட்டியல். தூர்தர்ஷனில் ‘சித்ரஹார்’ இருந்தது. அதுவும் சினிமாக் காட்சிகள்தான். நமக்கு வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ எப்படியோ, வடக்கே அது அப்படி. ஒரு பாட்டை டி.வி-யில் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு படம் இருக்க வேண்டும். படம் இல்லாத பாட்டுக்கு முகமே கிடையாது. பக்தி, கஜல், நாட்டுப்புறப் பாட்டு இவற்றுக்கெல்லாம் தனிச் சந்தை இருந்தது உண்மை. ஆனால் காதல் பாட்டு, ஆட்டப் பாட்டு என்றால் அது சினிமாவின் சொத்து.

அப்புறம் எப்படி ‘டிஸ்கோ தீவானே’ ஓடியது? கேசட்!

70-களின் கடைசியில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் ஊருக்குத் திரும்பும்போது பெட்டிக்குள் கொண்டு வந்தது ‘டூ இன் ஒன்’ டேப் ரெக்கார்டர். கேரளா, தமிழ்நாடு, கராச்சி, லாகூர் என்று எல்லா இடத்திலும் இதே கதைதான். இசைத்தட்டும் ரெக்கார்டு பிளேயரும் பணக்காரர் வீட்டுச் சமாசாரமாக இருந்த காலம் போய், யாரும் எதையும் பதிந்து, போட்டுக் கேட்கலாம் என்ற நிலை வந்தது. அடுத்து என்ன பாட்டு என்று ரேடியோக்காரர் முடிவு பண்ணினது போக, பட்டனை அமுக்குகிறவரே முடிவு பண்ண ஆரம்பித்தார். கல்யாண வீடு, டீக்கடை, டாக்ஸி என்று ‘டிஸ்கோ தீவானே’ பரவியது இப்படித்தான்.

எத்தனை பிரதி விற்றது? பம்பாயில் ஒரே நாளில் ஒரு லட்சம், பிரேசிலில் முதலிடம் என்றெல்லாம் எண்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அசல் கேசட்டுக்குப் பக்கத்தில் எத்தனை திருட்டு கேசட் விற்றது என்பதை எந்தக் கம்பெனியாலும் அன்றைக்கு எண்ணியிருக்க முடியாது. யூடியூப் வியூஸை வைத்து இன்றைக்குச் சண்டை போடுகிற நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆனால் தெற்காசியர்கள் வாழ்ந்த நாடுகளையெல்லாம் தாண்டியும் அந்த ஆல்பம் போனது என்பதில் சந்தேகமில்லை.

இதில் இன்னொரு விஷயம். ஆல்பம் முழுக்க ஆட்டம் போடுகிற பாட்டு இல்லை. ‘லேகின் மேரா தில்’ மாதிரி மெதுவான, சோகம் தோய்ந்த பாட்டும் உண்டு. 16 வயதில் அப்படி ஒரு பாட்டை, அழாமல், இழுக்காமல் பாடியிருக்கிறார். டிஸ்கோவுக்காக வாங்கியவர்கள் இந்தப் பாட்டுக்காகத் திரும்பத் திரும்ப கேசட்டைச் சுற்றினார்கள்.

படம் ஃபிளாப், பாட்டு ஹிட்

மக்கள் சினிமாவுக்காகத்தான் பாட்டைக் கேட்கிறார்களா, பாட்டுக்காகவே கேட்கிறார்களா? இந்தக் கேள்விக்கு யாரோ வேண்டுமென்றே நடத்திய பரிசோதனை மாதிரி 1982-ல் ஒன்று நடந்தது.

குமார் கவுரவ், ரதி அக்னிஹோத்ரி (ஆமா, நம்ம ‘புதிய வார்ப்புகள்’ ரதிதான்) நடித்த ‘ஸ்டார்’ என்ற படம். இசை பிட்டு, பாடியது நாசியாவும் ஜோஹெப்பும். படம் ஓடவில்லை. பாட்டு கேசட்டோ ‘பூம் பூம்’ பாட்டின் பெயரிலேயே ஒரு தனி ஆல்பம் மாதிரி விற்றது. படத்தின் கதை என்ன என்று கேட்டால் இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ‘பூம் பூம்’ பலருக்கு ஞாபகம் இருக்கிறது.

பார்வையாளர்கள் வேறு, கேட்பவர்கள் வேறு என்று இதிலிருந்து சினிமாக்காரர்கள் புரிந்துகொண்டிருக்கலாம். அவர்கள் புரிந்துகொண்டது வேறு: டிஸ்கோ விற்கிறது, அதை எல்லாப் படத்திலும் போடு. 1982 டிசம்பரில் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ அந்த அலையின் உச்சம். தமிழிலும் மின்னும் சட்டை, கண்ணாடி உருண்டை, கலர் லைட் செட்டுகள் வந்துவிட்டன. தனிப்பாடலுக்குத் திறந்த கதவு வழியாகச் சினிமா உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது என்று சொல்லலாம்.

வீடியோ வந்த கதை

பாகிஸ்தானில் நிலைமை இன்னும் சிக்கல். 1977 முதல் ஜெனரல் ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சி. பி.டி.வி-யில் பெண் அறிவிப்பாளர்கள் தலையில் துப்பட்டா போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. மேற்கத்திய பாணி பாட்டு, ஆட்டம் என்றாலே முகச்சுளிப்பு. இந்தியப் படங்களைத் திரையரங்கில் காட்ட 1965-லிருந்தே தடை. ஆனால் வீட்டுக்குள் வி.சி.ஆர் இருந்தது. குர்பானி முதலான படங்களைப் பாகிஸ்தான் பார்த்தது அதில்தான். தன் நாட்டுப் பெண்ணின் குரலைத் தடை செய்யப்பட்ட இந்தியப் படத்தின் வழியாகக் கேட்க வேண்டிய நிலை! அதிலும் எல்லையைத் தாண்டி வந்த கேசட்டில்.

நாசியாவும் ஜோஹெப்பும் பி.டி.வி-யில் வந்தபோது, அவர்கள் ஆடுவது தெரிந்துவிடக் கூடாது என்று கேமராவை இடுப்புக்கு மேலேயே நிறுத்திவைத்தார்கள் என்று அந்தக் காலத்துக்காரர்கள் சொல்வதுண்டு. பாட்டு கேட்கலாம், கால் அசைவது மட்டும் தெரியக் கூடாது. தணிக்கை எப்போதுமே இப்படித்தான் எங்கேயாவது ஒரு கோட்டைப் போட்டுவிட்டுத் திருப்தி அடைந்துவிடும்.

1984-ல் ‘யங் தரங்’ ஆல்பம் வந்தது. பாகிஸ்தானில் மியூசிக் வீடியோக்களோடு வந்த முதல் ஆல்பம் என்று இதைத்தான் குறிப்பிடுவார்கள். வீடியோக்கள் லண்டனில் எடுக்கப்பட்டவை. அமெரிக்காவில் எம்.டி.வி ஆரம்பித்து அப்போது 3 வருடம்தான் ஆகியிருந்தது. ‘ஆங்க்கே மிலானே வாலே’ பாட்டின் வீடியோவை இன்றைக்கு யூடியூபில் பார்த்தால் கொஞ்சம் சிரிப்புகூட வரும். அந்தக் கால முடி அலங்காரம், தோள்பட்டை வைத்த கோட்டு, புகை. ஆனால் கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். வேறொரு நடிகை வந்து வாயசைக்கவில்லை. பாடுகிறவரே நிற்கிறார், நம்மைப் பார்த்துப் பாடுகிறார்.

இந்திய, பாகிஸ்தான் ரசிகர்களுக்கு இது பெரிய மாற்றம். நம் ஊர்களில் குரல் ஒருவருடையது, முகம் வேறொருவருடையது. அதுதான் 40, 50 வருடப் பழக்கம். லதாவின் குரலைக் கேட்டு மனதில் மதுபாலாவைப் பார்த்தவர்கள் நாம். பாடகிக்கே முகம் இருக்கிறது, அந்த முகம் பாட்டின் பகுதி என்று காட்டியதுதான் மியூசிக் வீடியோ செய்த காரியம்.

அதே நேரத்தில், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு தர்மசங்கடமும் இல்லை. சேர்ந்து நிற்கிற பையனும் பெண்ணும் அக்கா, தம்பி. இதை யாராவது யோசித்துச் செய்தார்களா, தானாக அமைந்ததா தெரியாது. ஆனால் கட்டுப்பாடான ஒரு சமூகத்தில் பாப் இசை வரவேற்பறைக்குள் நுழைய இதைவிட நல்ல அனுமதிச் சீட்டு இருந்திருக்க முடியாது. வீட்டில் பெண் குழந்தைக்கு ‘நீயும் பாடு’ என்று சொல்ல ஒரு நல்ல உதாரணமாகவும் நாசியா ஆனார். படிப்பு, அடக்கமான பேச்சு, தம்பியோடு பாட்டு. ரசிகர்கள் அவரை விரும்பியதில் பாட்டுக்கு எவ்வளவு பங்கோ, இந்தப் பிம்பத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. அந்தப் பிம்பத்தைக் கடைசிவரை சுமக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

இதை ‘இண்டி’ என்று சொல்லலாமா?

நியாயமான கேள்வி. மேற்கே ‘இண்டி’ என்றால் பெரிய இசைக் கம்பெனிகளைச் சாராமல், சின்னக் கம்பெனியில் அல்லது சொந்தக் காசில் வெளியிடுவது. நாசியாவின் ஆல்பத்தை வெளியிட்டது எச்.எம்.வி, இந்தியாவின் மிகப் பெரிய இசைக் கம்பெனி. அந்தக் கணக்கில் அவர் இண்டி இல்லை.

ஆனால் நம் பக்கம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. இங்கே சுதந்திரம் என்பது கம்பெனியிடமிருந்து இல்லை, சினிமாவிடமிருந்து. தயாரிப்பாளர், இயக்குநர், ஹீரோவின் இமேஜ், கதையின் சூழ்நிலை இவை எதுவும் கேட்காமல் ஒரு பாட்டை உருவாக்குவதுதான் இங்கே தனியிசை. இன்றைக்குத் தமிழில் தனிப்பாடல் போடுகிற பலருக்குப் பின்னாலும் பெரிய நிறுவனங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அந்த வகையில் நாசியா இந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்கிறார்.

மியூசிக் 89

1987-ல் ‘ஹாட்லைன்’ ஆல்பம். 1988 ஆகஸ்டில் விமான விபத்தில் ஜியா இறந்தார். ஆண்டு முடிவதற்குள் பெனசீர் பூட்டோ பிரதமரானார். அடுத்த சில வாரங்களில் பி.டி.வி-யில் ‘மியூசிக் 89’ என்ற நிகழ்ச்சி வந்தது. தயாரித்தவர் ஷோயப் மன்சூர். தொகுத்து வழங்கியவர்கள் நாசியாவும் ஜோஹெப்பும்.

முழுக்க முழுக்க பாப் இசைக்கான நிகழ்ச்சி. ‘வைட்டல் சைன்ஸ்’ உட்பட இளைஞர் பேண்டுகள் அதில் பாடின. 11 வருடம் மூடியிருந்த கதவு திறந்ததும் தெரிந்தது, உள்ளே எத்தனை பேர் கிடாரோடு காத்திருந்தார்கள் என்று. மதவாதிகளிடமிருந்து எதிர்ப்பும் கிளம்பியது. ஆனாலும் அந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து பாகிஸ்தானின் பேண்டு இசைக் காலம் தொடங்குகிறது என்று சொல்பவர்கள் உண்டு. 2008-ல் அங்கே தொடங்கிய ‘கோக் ஸ்டூடியோ’, 2022-ல் இந்தியாவிலும் எல்லோர் போனிலும் ஒலித்த ‘பசூரி’ எல்லாம் இந்தத் தடத்தில் வந்தவைதான்.

அந்த 11 வருடமும் அங்கே யாராவது கணக்கெடுத்துப் பார்த்திருந்தால், பாகிஸ்தான் மக்களுக்கு பாப் இசையில் ஆர்வம் இல்லை என்றுதான் ரிப்போர்ட் வந்திருக்கும். டி.வி-யில் காட்டாத ஒன்றை மக்கள் கேட்கவில்லை என்று சொல்வது, மெனுவில் இல்லாத தோசையை யாரும் ஆர்டர் பண்ணவில்லை என்று சொல்வது மாதிரி.

மைக்கை வைத்துவிட்டு...

இவ்வளவு நடக்கும்போதும் நாசியா படிப்பை விடவில்லை. லண்டனில் பட்டப்படிப்பு, பிறகு சட்டம். 90-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில், பாதுகாப்பு கவுன்சில் தொடர்பான துறையில் வேலை. போதைப்பொருளுக்கு எதிரான பிரசாரம், ஏழைக் குழந்தைகளுக்கான உதவி என்று கராச்சியில் ஒரு பக்கம் சமூக வேலையும் நடந்தது. 1992-ல் வந்த ‘கேமரா கேமரா’ ஆல்பத்தையும் அந்தப் போதை எதிர்ப்புப் பிரசாரத்தோடு சேர்த்துத்தான் வெளியிட்டார்கள். முந்தைய ஆல்பங்களின் வேகம் அதற்கு இல்லை. அதுவே கடைசி.

பாடகி என்ற வேலையை அவர் முழுநேரமாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளவில்லை. 12 வருடத்தில் ஐந்து ஆல்பம், அவ்வளவுதான். மேடைமேடையாகப் போகவில்லை, படம்படமாகப் பாடவில்லை. நடிக்கக் கூப்பிட்டபோதும் போகவில்லை. பாட்டு அவருக்கு வாழ்க்கையில் ஒரு பகுதி. ரசிகர்களுக்குத்தான் அவர் முழுக்க முழுக்கப் பாட்டு.

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். 1991-ல் இந்தியாவுக்கு சாட்டிலைட் டி.வி வந்தது. ஸ்டார் டி.வி-யோடு எம்.டி.வி வந்தது. அடுத்து சேனல் வி. 24 மணி நேரமும் பாட்டு ஓட்ட வேண்டிய சேனல்களுக்குச் சினிமாப் பாட்டு மட்டும் போதவில்லை. நாசியாவுக்கு 1981-ல் கிடைக்காத அந்த ஜன்னல் இப்போது அகலத் திறந்தது. பாபா சேகல், தலேர் மெஹந்தி, லக்கி அலி, நம்ம ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் சேர்ந்த ‘கலோனியல் கசின்ஸ்’ என்று வரிசையாக வந்தார்கள். வீடியோ பார்த்துவிட்டு கேசட் வாங்கப் போகிற தலைமுறை உருவானது.

பிட்டு மறுபடியும் ஒரு பாட்டு போட்டார். பெயர் ‘மேட் இன் இந்தியா’. அதை முதலில் நாசியாவிடம்தான் கொண்டு போனார் என்றும், இந்தியாவைப் புகழும் பாட்டைத் தான் பாடினால் சொந்த நாட்டில் மனம் புண்படும் என்று அவர் மறுத்துவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. 1995-ல் அலிஷா சினாய் பாடி, மிலிந்த் சோமன் மரப்பெட்டிக்குள்ளிருந்து வெளியே வருகிற வீடியோவோடு அது வெளியானது. 90-கள் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்திய பாப் என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது அந்த வீடியோதான்.

இரண்டு நாட்டு ரசிகர்களும் சமமாகக் கொண்டாடிய ஒருவருக்கு, அந்த இரண்டில் ஒன்றைப் பாட்டாகப் பாட முடியவில்லை. கேட்பவர்களுக்கு எல்லை இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பாடுகிறவருக்கு இருந்தது.

அதே 1995-ல் நாசியாவுக்குக் கராச்சியில் திருமணம் நடந்தது. 1997-ல் மகன் பிறந்தான். நுரையீரல் புற்றுநோய் வந்தது. 2000 ஆகஸ்ட் 13-ம் தேதி லண்டனில் இறந்தபோது அவருக்கு வயது 35. லண்டனிலேயே ஹெண்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 2002-ல் பாகிஸ்தான் அரசு, கலைஞர்களுக்கான உயரிய விருதை அவர் மறைவுக்குப் பிறகு அறிவித்தது.

அதன் பிறகும் பாட்டு நிற்கவில்லை. ‘ஆப் ஜைசா கோயி’ 2022-ல் ‘ஆன் ஆக்‌ஷன் ஹீரோ’ படத்தில் புது வடிவில் வந்தது. அதற்குப் பத்து வருடம் முன்னால், 2012-ல், கரண் ஜோஹரின் ‘ஸ்டூடன்ட் ஆஃப் தி இயர்’ படத்தில் ‘தி டிஸ்கோ சாங்’ வந்தது. உள்ளே இருந்தது ‘டிஸ்கோ தீவானே’ மெட்டு, நாசியாவின் அசல் குரலோடு. படமே இல்லாமல் பிறந்த பாட்டு, 31 வருடம் கழித்து சினிமாவுக்குள் போனது. ஆலியா பட் ஆடிய அந்தப் பாட்டைப் புதுசு என்று நினைத்துக் கேட்ட பிள்ளைகளில் பலர், நாசியா இறந்த வருடத்துக்குப் பிறகு பிறந்தவர்கள்.